ஆபீசர் திருடிய மஞ்சள் அரளி

என் ஓரகத்தி பெர்சிடாவை ஊரே திருடி என்று சொல்லும். மறைவாக இல்லை, முகத்துக்கு நேராகவே சொல்லும். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "உன் நகையையா எடுத்தேன்? ஒரு குச்சிதானடி எடுத்தேன்" என்று சிரிப்பாள். அடுத்த வீட்டு ஊசி நூலைக்கூடத் தொடாதவள்தான். பூச்செடி என்று வந்துவிட்டால் மட்டும் அவள் கை அவள் பேச்சைக் கேட்காது. தேவாலய வாசல், ஆஸ்பத்திரி ஜன்னல், கோர்ட்டு வராந்தா, ஒன்றையும் விட்டதில்லை. என்னைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தாளே, அன்றைக்கே என் அம்மாவின் ஜெரேனியத்தில் ஒரு கணுவைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். புகுந்த வீட்டுக்கு நானும் அந்த ஜெரேனியமும் ஒரே வண்டியில்தான் வந்தோம். என்னைவிட அது சீக்கிரம் வேர் பிடித்தது.

ருமேனிய எல்லையோரத்து எங்கள் பானாத் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் போலீசுக்குப் போவதில்லை. கொடுத்த குச்சி வாடும், திருடின குச்சி துளிர்க்கும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் எங்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு. வீட்டுக்கு வந்தவள் உங்கள் செடியைப் பார்த்து, "அடடா, என்ன நிறம்!" என்றால், நீங்கள் உடனே காபி போட உள்ளே போய்விட வேண்டும். போனால் சட்டென்று திரும்பக் கூடாது. பாத்திரத்தை உருட்டிச் சத்தம் காட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். காபியோடு வரும்போது அவள் கைப்பை மூடியிருக்கும், பேச்சு வேறெங்கோ போயிருக்கும். "ஒரு குச்சி குடுங்களேன்" என்று வாய்விட்டுக் கேட்கிறவளைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசும்.

பெர்சிடாவுக்கு ஆண்டவன் உத்தியோகத்தையும் பார்த்துத்தான் கொடுத்தான். தபால்காரி. எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கும். தோல்பையில் ஒரு பக்கம் தபால், மறுபக்கம் ஈரத்துணியில் சுற்றிய குச்சிகள். எங்கள் தெருவுக்கு வந்த கடுதாசிகளில் பாதி சற்று நமுத்துத்தான் இருக்கும். அவள் முற்றத்தைப் பார்க்க வேண்டுமே! பாலாடைக்கட்டி டப்பா, வண்ணம் தீர்ந்த வாளி, கைப்பிடி போன குண்டான், எல்லாவற்றிலும் பூ. ஒவ்வொன்றுக்கும் திருடப்பட்ட வீட்டுக்காரியின் பெயரைத்தான் வைத்திருப்பாள். "இந்த டாக்டரம்மா ரெண்டு நாளா சோர்ந்து கிடக்குறா, வெயில் தாங்கல போல" என்பாள். பார்த்தால் ஒரு பெகோனியா.

அவளுக்கு நேர் எதிர் வீட்டில் ஒப்ராத். ருமேனிய எல்லையில் சுங்க அதிகாரியாக இருந்தவர். அடுத்தவர் பொருளைத் தொடாத மனிதர் என்று சொல்வது போதாது. அடுத்தவர் மரத்திலிருந்து தன் முற்றத்தில் விழுந்த பிளம்ஸ் பழத்தைக்கூடப் பொறுக்கிக் கூடையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவருக்கும் பெர்சிடாவுக்கும் இடையில் தெருவின் அகலம் மட்டும்தான்.

ஒரு தடவை எல்லைக்கு அப்பால் சந்தைக்குப் போன பெர்சிடா பை நிறைய உருளைக்கிழங்கோடு திரும்பினாள். ஒவ்வொரு கிழங்கிலும் துளை போட்டு ஒரு ரோஜாக் குச்சி. கிழங்கின் ஈரத்தில் குச்சி வாடாது என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் காலம் சரியில்லை. அங்கே கிழங்கு கிடைக்காமல் அந்த ஊர் ஜனமே எங்கள் ஊருக்கு வந்து வாங்கிப் போன வருஷம் அது. எல்லைச் சாவடியில் நின்ற ஒப்ராத் பையைத் திறந்து பார்த்தார்.

"அங்கேருந்து உருளைக்கிழங்கா?"

"ருசியா இருக்கும்னு சொன்னாங்க, ஆபீசரே."

"இதுல முள்ளு இருக்கேம்மா."

"புது ரகம்."

எல்லாக் கிழங்கையும் பிடுங்கிக்கொண்டார். பெர்சிடா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லை தாண்டி வந்து, நேராக என் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்து, தலைத்துணியை அவிழ்த்து, கொண்டையைப் பிரித்தாள். கொண்டைக்குள் இரண்டு ஃபூஷியாக் குச்சிகள், ஈரப் பஞ்சோடு. நான் போட்டுவிட்ட கொண்டை அது. நாங்கள் சிரித்த சிரிப்பில் தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்த ஒருத்தி பயந்து எழுந்துவிட்டாள்.

ஒப்ராத்தின் மனைவி விதோசவா. கல்யாணமாகி வந்தபோது ஆற்றங்கரை ஊரிலிருந்த தன் அப்பா வீட்டிலிருந்து ஒரு மரத்தொட்டியில் அரளி கொண்டுவந்தாள். இளமஞ்சள், அடுக்குப் பூ. எங்கள் ஊரில் சிவப்பு உண்டு, வெள்ளை உண்டு. அந்த மஞ்சளை யாரும் பார்த்ததில்லை. பூத்த வருஷம் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குக் காபி குடிக்கப் போனார்கள். ஆனால் ஒப்ராத் வீட்டில் சட்டம் வேறு. "கேட்டா குடு. கேக்காம எடுத்தா அது திருட்டு" என்று மனைவிக்குச் சொல்லிவைத்திருந்தார். பாவம் விதோசவா, கத்தரிக்கோலோடு வந்து நல்ல நல்ல குச்சியாக வெட்டி, காகிதத்தில் சுற்றிக் கையிலேயே கொடுத்தாள். நானும் வாங்கினேன். ஒருத்தர் வீட்டிலும் பிடிக்கவில்லை. எல்லாம் அழுகிப் போயிற்று.

பெர்சிடா வாங்கவில்லை. ஒருநாள் பதிவுத் தபால் கொண்டுபோனாள். ஒப்ராத் கையெழுத்துப் போடக் கண்ணாடி தேடி உள்ளே போன நேரத்தில் ஒரு குச்சியை ஒடித்துப் பைக்குள் போட்டாள். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். வாசலில் நின்று, "திருடி! அரசாங்க உத்தியோகத்துல இருக்கிற திருடி!" என்று அவர் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டது. அந்தக் குச்சிதான் பிடித்தது. இன்றைக்குப் பெர்சிடா முற்றத்தில் ஆள் உயரம் நிற்கிறது. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் முறைப்பு மட்டும்தான்.

போன இலையுதிர் காலத்தில் விதோசவா இறந்துபோனாள். அந்தக் குளிர்காலத்தில் ஒப்ராத் செய்த காரியம் இருக்கிறதே, எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் செய்யமாட்டாள். அரளித் தொட்டியை நிலவறையில் இறக்காமல் கூடத்துக்குக் கொண்டுவந்து கணப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தினமும் தண்ணீர். கோஷவா என்கிற எங்கள் ஊர்க் குளிர்காற்று வெளியே ஊளையிட, உள்ளே அவரும் செடியும் கதகதவென்று உட்கார்ந்திருந்தார்கள். பெர்சிடா தன் ஜன்னலிலிருந்து பார்த்துக் கையைப் பிசைந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், வருஷக்கணக்கில் பேசாதவள், தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஆபீசரே, அதை நிலவறையில வைங்க. குளிர்காலத்துல அது தூங்கணும். தண்ணி ஊத்தாதீங்க, அழுகிரும்."

"என் பொண்டாட்டி செடியை நான் இருட்டுல போடமாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வசந்தத்தில் பட்டை உரிந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு. ஒரு பச்சை இல்லை. அந்த மனிதர் முற்றத்தில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து நான் கடைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

அரளிக் குச்சி வெட்டும் பருவம் வந்ததும் அவர் வந்தார். கறுப்புக் கோட்டு, தொப்பி, சவரம் செய்த முகம். நான் பெர்சிடாவோடு முற்றத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தபால்காரம்மா, நான் உங்களை ஒண்ணு கேக்கணும். அந்த அரளியில..."

"கேக்காதீங்க!" பெர்சிடா துள்ளி எழுந்தாள். காபிக் கோப்பை கவிழ்ந்தது. "ஒரு வார்த்தை கேக்காதீங்க! எனக்குக் காது கேக்கல! ஒண்ணுமே கேக்கல!"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டாள். ஒப்ராத் என்னைப் பார்த்து, "பழி வாங்குறாங்க. நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டாமலே போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கதவை உடைக்காத குறையாகத் தட்டி உள்ளே போனேன்.

"நீ மனுஷியாக்கா? அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா? ஒரு குச்சி வெட்டிக் குடுத்துத் தொலைச்சா உன் தோட்டம் பாலைவனமா ஆயிருமா?"

"குடுத்து?" என்றாள். கண் சிவந்திருந்தது. "குடுத்து, அது அழுகிப்போனா? ஒரு தடவை பொண்டாட்டியப் பொதைச்சாரு. அப்புறம் அவ செடியப் பொதைச்சாரு. மூணாவது தடவையும் பொதைக்கச் சொல்றியா? அடியே, விதையில வந்தாத்தான் பிள்ளை. குச்சியில வந்தது பிள்ளை இல்லடி, அதே செடி. என் முத்தத்துல நிக்கிறது விதோசவா தொட்டு வளத்த அதே செடிதான். உலகத்துல இது ஒண்ணுதான் மிச்சம். இதுல போய் நான் விளையாடுவேனா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் இந்த ஊர்க்காரிதானே. விதோசவா கையால் கொடுத்த குச்சி என் வீட்டில் எப்படிக் குழைந்து போயிற்று என்று எனக்குத் தெரியாதா?

"அப்ப என்னதான் வழி?"

"வழி ஒண்ணுதான். அவர் திருடணும்."

நான்தான் தூது போனேன். ஒப்ராத் கூடத்தில் கணப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தொட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு எழுந்தே விட்டார்.

"என்னையா? மிலுங்கா, நீ யார்கிட்டப் பேசுற தெரியுமா? எல்லையில நிக்கிற காலத்துல ஒரு சிகரெட்டுகூட லஞ்சமா வாங்கினது கிடையாது நான்!"

"ஐயா, அவங்க முத்தத்துல நிக்கிறது உங்க விதோசவா செடியேதான். பிள்ளை இல்ல, அதே செடி. ஞாயித்துக்கெழமை மத்தியானம் அவங்க வீட்டுல இருக்கமாட்டாங்க. வாசக்கதவு திறந்திருக்கும். அப்புறம் உங்க இஷ்டம்."

"அதே செடியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரகசியமாகத்தான் வைத்திருந்தோம். ஆனால் என் கடை முடிதிருத்தும் கடை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் கொள்ளைநோய் வந்த ஊர் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நாய்களைக்கூட உள்ளே கட்டிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஜன்னல் திரையிலும் ஒரு மூக்கின் மேடு.

நானும் பெர்சிடாவும் சமையலறைத் திரைக்குப் பின்னால். அவள் காலையிலிருந்து நாலு தடவை முற்றத்துக்குப் போய், கணு நெருங்கிய நல்ல குச்சி ஒன்றை வாசல் பக்கம் வளைத்து, கயிற்றால் கட்டிவைத்திருந்தாள். பக்கத்திலேயே ஒரு கத்தரிக்கோல், மறந்து வைத்ததுபோல. உச்சிக் கிளையில் மொட்டு கட்டியிருந்தது. தேவாலயத் திருநாளுக்குள் மலரும் என்று அதை மட்டும் யாரும் தொடாதபடி ஓர் ஓரமாகத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "ஏன்க்கா, கையில குடுக்கிறதுக்கும் மூக்குக்கு நேரா கட்டி வைக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் வெளிறியது. "அய்யோ" என்றாள். "இது திருட்டே இல்லையே. இது குடுக்கிறதுதானே! பிடிக்காதேடி, பிடிக்காதே!" கயிற்றை அவிழ்க்க வெளியே ஓடப்போனாள். அதற்குள் வாசல் கதவைத் தட்டும் சத்தம்.

திருட வந்த மனிதர் கதவைத் தட்டுகிறார்!

"யாராவது இருக்கீங்களா?"

"நான் வீட்டுல இல்ல!" என்று பெர்சிடா உள்ளேயிருந்து கத்தினாள்.

"மன்னிக்கணும்" என்றது வெளியே. காலடி திரும்பிப் போயிற்று. எதிர்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு. பெர்சிடா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே அழுகிறேன்.

கதை அவ்வளவுதான் என்று நினைத்தோம். காபியை அடுப்பில் வைத்தேன். அது பொங்கி வரும் நேரத்தில் முற்றத்தில் கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம்.

திரையை விலக்கினேன். ஒப்ராத். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. கையில் ரம்பம். கட்டிவைத்த குச்சியையும் பார்க்கவில்லை, கத்தரிக்கோலையும் பார்க்கவில்லை. நேராக நடுத்தண்டில் வைத்து அறுக்கிறார். மொட்டு கட்டிய அந்த உச்சிக் கிளை ஆடுகிறது.

"அடப்பாவி!" என்றாள் பெர்சிடா. "அதை இல்ல! அதை இல்லய்யா!"

கிளை சாய்ந்தது. பாதிச் செடி அது. அதை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர் ஓட ஆரம்பித்தார். எழுபது தாண்டிய உடம்பு. இலைக்குள்ளிருந்து வழுக்கைத்தலை மட்டும் தெரிகிறது. பெர்சிடா வீட்டுச் செருப்போடு பின்னால் பாய்ந்தாள். நான் கரண்டியோடு அவளுக்குப் பின்னால்.

"திருடன்! யோவ், நில்லுய்யா! என் மொட்டு! வருஷம் பூரா நான் வளத்த மொட்டு! ஆபீசராம் ஆபீசர், ரம்பம் போட்டு அறுக்கிறான் கொலைகாரன்! புடிங்க அவனை!"

இது நாடகம் இல்லை. அவளை எனக்குத் தெரியும். நரம்பு புடைத்து, குரல் உடைந்து, நிஜமாகவே கொள்ளை போன ஆத்திரம். திரைகள் விலகின, ஜன்னல்கள் திறந்தன. அவர் தன் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். இவள் போய்க் கிளையை இந்தப் பக்கம் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை.

"குடுய்யா அதை!"

"குடுக்கமாட்டேன்!" என்றார் ஒப்ராத். "இது என் விதோசவா செடி. குடுக்கமாட்டேன். போலீசைக் கூப்பிடு, போ!"

பெர்சிடா இழுப்பதை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆத்திரம் இருந்த இடத்தில் வேறொன்று பொங்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். சட்டென்று கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மிலுங்கா! எடுத்துட்டான்டி! நான் குடுக்கவே இல்ல! நெசமாவே எடுத்துட்டான்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தாள். அடுத்த மூச்சில் அவர் பக்கம் திரும்பி மறுபடியும் திட்டு: "நாசமாப் போறவனே, கணுவுக்குக் கீழ சாய்ச்சு வெட்டு! கொள்ளைக்காரா, கீழ் இலையை எல்லாம் உருவிரு! மொட்டைக் கிள்ளி எறி, பூ இருந்தா வேர் வராது! பழுப்பு நிறப் புட்டியில மழைத்தண்ணி ஊத்தி வை! கையைக் கழுவுடா, அரளிப் பால் விஷம்!" அவர் கிளையைக் கட்டிப்பிடித்தபடி, "சரி, சரி" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அப்புறம் வந்த வாரங்களை எப்படிச் சொல்வேன்? எங்கள் தெருவில் ஒரு பிரசவத்துக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. ஒப்ராத்தின் ஜன்னல்மேடையில், அந்தக் கிளையை வெட்டிய குச்சிகளோடு பழுப்புப் புட்டிகள் வரிசையாக நின்றன. பெர்சிடாவுக்குத் தினமும் அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்தது. உப்பு வாங்கவும் அந்தப் பக்கம், திரும்பி வரவும் அந்தப் பக்கம். ஒரு புட்டியில் தண்ணீர் கலங்கியது, குச்சி கறுத்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இன்னொன்றும் கறுத்தது. என் கடையில் பந்தயம் கட்டினார்கள். நான் சத்தம் போட்டு நிறுத்தினேன். அறுபட்ட அவள் செடி என்னவோ அதுபாட்டுக்குப் பக்கத்துக்குப் பக்கம் துளிர்விட்டுக்கொண்டிருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை நான் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன், தெருவின் அந்தக் கோடியில் ஒரு கூச்சல். ஒப்ராத் ஓடி வருகிறார். உள்பனியனோடு, கன்னத்தில் சோப்பு நுரையோடு, கையில் புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"வந்துருச்சு! வேர் வந்துருச்சு! எல்லாரும் வாங்க, வேர் வந்துருச்சு!"

ரொட்டிக்கடைக்காரர் மாவுக்கையோடு வந்தார். பாதிரியார் சைக்கிளிலிருந்து இறங்கினார். பெர்சிடா ஒற்றைச் செருப்போடு வந்தாள். புட்டியை வாங்கவில்லை, அவர் கையில் இருக்கும்போதே குச்சியை மெல்ல மேலே இழுத்துப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெளேரென்று வேர், ஒன்றுக்குப் பத்தாக. தண்ணீர் சொட்டியது. அவள் உதடு துடித்தது. குச்சியைப் பதமாக உள்ளே விட்டாள்.

"திருட்டுப் பய" என்றாள்.

சாவடியில் சீருடையில் நின்ற காலத்தில்கூட ஒப்ராத் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. சோப்பு நுரை மேல் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி, "ஆமாம்மா, நான்தான் திருடினேன்!" என்றார்.